படகுக்காரியின் அம்மா

பெண் பிள்ளை கப்பல் ஓட்டுகிற கதைப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால், நான் முதலில் தேடுவது கப்பலை அல்ல. அவளுடைய வீட்டுக் குசினியை, சமையலறையை. அதற்குள் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். இப்போது கடைகளில் அப்படியான புத்தகங்கள் நிறைய வந்துவிட்டன. அட்டையில் ஒரு சிறுமி மலை ஏறுவாள், விண்வெளிக்குப் போவாள், சிங்கத்தோடு கதைப்பாள். நல்லது, போகட்டும். உள்ளே பத்தாம் பக்கத்தில் அவளுடைய அம்மா கரண்டியோடு வாசலில் நின்று கண் கலங்குவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பக்கம் புரட்டுகிற வேகத்தைப் பார்த்த கடைக்காரர் ஒருமுறை, "எதையோ துலைச்சுப்போட்டுத் தேடுறியள் போல" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தக் கோபத்தை நான் மற்றவர்கள் மேல் காட்டுவது கொஞ்சம் அநியாயம்தான். பதினான்கு வயதில் நானும் அப்படி ஒரு புத்தகம் எழுதினேன். நானும் என் அம்மாவைக் கொண்டுபோய்க் குசினிக்குள் நிறுத்தினேன். அந்தப் புத்தகத்தால் அம்மாவின் வேலையே போகப் பார்த்தது.

யுத்த காலம் என்று இப்போது எல்லோரும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிற அந்த வருடங்களை நினைத்தால், எனக்குப் பின்னேரங்கள்தான் வருகின்றன. காலைகளும் இருந்திருக்கும், ஊரடங்கு இரவுகளும் இருந்திருக்கும். நினைவு மட்டும் எப்போதும் மூன்று மணியில் போய் நிற்கிறது. திருகோணமலையில் எங்கள் பள்ளிக்கூடத்தின் மேல்மாடி விறாந்தையில் நின்றால் துறைமுகம் தெரியும். வெயில் ஏறிய நேரத்தில் கடலுக்கும் வானத்துக்கும் நடுவே இருக்கவேண்டிய கோடு அழிந்துபோகும். கப்பல்கள் கீழே தண்ணீர் இல்லாமல் சும்மா தொங்கிக்கொண்டு நிற்கும். மைதானத்து வேம்பின் அடியில் ஊர் மான்கள் வந்து படுத்திருக்கும். தூரத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் மான்கள் காதை உயர்த்தும். நாங்களும் தலையை உயர்த்துவோம். இரண்டாவது சத்தம் கேட்காவிட்டால் மான்கள் காதை மடக்கும்; ரீச்சர் விட்ட இடத்திலிருந்து படிப்பிப்பார்.

நூலக அறையில் அப்போது இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் இருந்தன. புத்தகங்களை ஒரு மர அலுமாரிக்குள் அடைத்து மேல்மாடி விறாந்தையில் வைத்திருந்தார்கள். பூட்டு உடைந்து, கதவைக் கம்பியால் கட்டியிருந்தது. அந்தக் கம்பியை அவிழ்க்கப் பழகியவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். மற்றவள் என் தோழி.

அவளுடைய ஊர் குறிஞ்சாக்கேணி, கடல்நீர் உள்ளே வந்து தேங்கிய களப்புக்கு அந்தப் பக்கம். படிப்புக்காக நகரத்தில் உம்மாவின் தங்கச்சியான சாச்சி வீட்டில் இருந்தாள். ஊருக்குப் போக வேண்டும் என்றால் கிண்ணியாவில் பாதை ஏறவேண்டும். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்று சொல்வோம். சண்டை கூடினால் பாதை ஓடாது. பாதை ஓடாத கிழமைகளில் அவள் சாச்சி வீட்டு முற்றத்திலிருந்து தெற்குப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். உம்மாவின் முகம் மறந்துபோகிறது என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

அலுமாரிப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் நாலு பெடியன்கள் தீவுக்குப் போனார்கள். அவர்களோடு ஒரு நாய் போனது. தங்கச்சி போகவில்லை. தங்கச்சிக்குக் காய்ச்சலாக இருக்கும், அல்லது அவள் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டுக் கரையில் நின்று கை காட்டுவாள்.

"இந்தப் புள்ளைக்கு எந்தப் புத்தகத்திலயும் காய்ச்சல்தான்" என்றாள் தோழி. "நாய்க்குக் கூட ஒண்டும் வாறதில்லை."

"நாங்கள் ஒண்டு எழுதுவம்" என்றேன் நான். சொன்னது கோபத்தில். ஆனால் அடுத்த நாளே அவள் ஒரு தடித்த அட்டைக் கொப்பியோடு வந்து நின்றாள்.

கதை இதுதான். பாதை ஓடாததால் களப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சிறுமி பள்ளிக்கூடம் வர முடியாமல் இருக்கிறாள். இந்தப் பக்கத்துச் சிறுமி ஒரு தோணியில் அவளுக்குப் பாடப்புத்தகங்களைக் கொண்டுபோகிறாள். அவ்வளவுதான். அந்தச் சிறுமிக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை, படகுக்காரி என்றே எழுதினோம். தண்ணீரில் நடக்கிற பகுதிகளைத் தோழி எழுதினாள். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தால் களப்பில் அலை எப்படிச் சுருளும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் நடக்கிற பகுதிகளை நான் எழுதினேன். படகுக்காரி புறப்படுகிற காலையில் நான் இப்படி எழுதினேன்: "அம்மா குசினியில் புட்டு அவித்துப் பொதி கட்டிக் கொடுத்தாள். மகள் திரும்பி வரும்வரை கண்ணீரோடு வாசலில் காத்திருந்தாள்."

இனி எங்கள் வீட்டைச் சொல்லவேண்டும். அப்பா மூதூருக்கு ஓடிய லாஞ்சில் ரிக்கெற் கொடுத்தவர். லாஞ்ச் நின்றுபோனது. இன்று ஓடும், நாளைக்கு ஓடும் என்று இருந்து இருந்து, கடைசியில் அப்பா அதைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டார். வீட்டில் வேலைக்குப் போனது அம்மா ஒருவர்தான். சீனன்குடாவில் எண்ணெய் சேர்த்து வைக்கிற பெரிய குதங்களின் பக்கமாக ஒரு அலுவலகத்தில் அவர் தட்டெழுத்தாளர். காவல் போட்ட இடம் என்பதால் அங்கே போவதற்கு ஒரு பாஸ் வேண்டும். அந்தப் பாஸை அம்மா சேலைத் தலைப்பின் உள்பக்கம் ஊசியால் குத்தி வைத்திருப்பார். நான் பாதி நித்திரையில் கிடக்கும்போதே அவர் ஏழு மணி பஸ்ஸுக்குப் போய்விடுவார். மிச்சம் வைத்துவிட்டுப் போகிற வாசனை பவுடருடையது. அதற்குப் பிறகு வருகிற வாசனை புட்டினுடையது. அந்தப் புட்டை அவித்தவர் அப்பா.

அப்பா நன்றாகச் சமைத்தார். புட்டு அவிக்கிற நீற்றுப்பெட்டிக்குள் மாவைத் தட்டிப் போடுகிற அவருடைய கை லாஞ்ச் ரிக்கெற்றைக் கிழித்த அதே சுறுசுறுப்போடு போகும். ஆனால் வீட்டுக்கு முன்னால் போகிற சின்ன ஒழுங்கையால் யாரும் வருகிற சத்தம் கேட்டால் குசினி ஜன்னலைச் சாத்திவிடுவார். வேலிப் படலையைத் திறந்துகொண்டு யாராவது உள்ளே வந்தால், திருவலையையும் பாதித் தேங்காயையும் என் காலடிக்குத் தள்ளிவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு முன் கதிரைக்குப் போய்விடுவார். பேப்பர் முந்தின கிழமையுடையதாக இருக்கும். வந்தவர்கள் என்னைப் பார்த்து, கெட்டிக்காரப் பிள்ளை, அம்மாவுக்கு எவ்வளவு உதவி என்பார்கள். நான் தேங்காயைத் திருவிக்கொண்டு சிரிப்பேன். நாங்கள் மூன்று பேரும் இதைப் பற்றி ஒருநாளும் கதைத்து முடிவெடுக்கவில்லை. தானாக அப்படி ஆகிவிட்டது.

தோழிக்கு மட்டும் தெரியும். அவள் எங்கள் வீட்டில் எத்தனையோ தரம் அந்தப் புட்டைச் சாப்பிட்டவள். நான் எழுதியதை வாசித்துவிட்டு அவள் கேட்டாள்: "உங்கட வீட்டில வாப்பாதானே புட்டு அவிக்கிறாரு. அதையே எழுதன்."

"உனக்கு விசரோ? புத்தகத்தில அப்பிடி எழுத ஏலாது" என்று அவள் மேல் பாய்ந்தேன். அவள் தோளை உயர்த்திவிட்டுத் தன் அலைகளை எழுதப் போய்விட்டாள். தோணி விடுகிற பெண்ணைத் துணிந்து எழுதிய எனக்கு, புட்டு அவிக்கிற ஆணை எழுதத் துணிவு வரவில்லை. அன்று அது துணிவில்லாமை என்று எனக்குத் தெரியவும் இல்லை.

முதல் அத்தியாயத்தை மான் தின்றது. நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆனால் எங்கள் ஊரில் மான் எதையும் தின்னும். இடைவேளைக்குக் கொப்பியை மைதானத்து மதிலில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது ஒரு பெரிய மான் கண்களை அரைவாசி மூடிக்கொண்டு, வேறு எங்கேயோ இருப்பதுபோல, எங்கள் தோணியை மென்றுகொண்டு நின்றது. துரத்தியும் அது அவசரப்படவில்லை. அன்று பின்னேரம் நான் வீட்டில் சாப்பிடாமல் கிடந்தேன். வேலையால் வந்த அம்மா செருப்பைக் கூடக் கழற்றாமல் கொப்பியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"ஒரு பிரதி மட்டும் வைச்சிருந்தா இப்பிடித்தான் பிள்ளை. காபன் தாள் வைச்சு மெசின்ல அடிச்சா மூண்டு பிரதி இருக்கும். அந்தப் பக்கங்களைத் திரும்ப எழுதித் தா. எங்கட ஒஃபிசில ஒரு தமிழ் மெசின் சும்மா கிடக்குது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில அடிச்சுத் தாறன்."

அப்படியே நடந்தது. அம்மா காலையில் கொப்பியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போவார், பின்னேரம் கொண்டுவருவார். அலுவலக வாசலில் பையைச் சோதிக்கிறவர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாராம். அடித்த தாள்களை அம்மா அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்தார். நான் கெஞ்சியும் காட்டவில்லை. "முழுக்க முடியட்டும். அரைகுறையாக் காட்டமாட்டன்" என்றார். அம்மா தன் வேலையில் அப்படித்தான், ஒரு எழுத்து பிழைத்தால் முழுத் தாளையும் திரும்ப அடிப்பார்.

கதை முடிகிற நேரத்தில் தோழிக்கு ஒரு குறை தோன்றியது. தீவுக்குப் போகிற புத்தகம் எல்லாவற்றிலும் ஒரு வரைபடம் இருக்கிறது. போகிற வழியைப் புள்ளி புள்ளியாகக் காட்டியிருப்பார்கள்; முக்கியமான இடத்தில் ஒரு பெருக்கல் குறி இருக்கும். எங்கள் புத்தகத்தில் அது இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை இப்போதும் காண்கிறேன். கூரைத் தகரம் வெயிலில் டிக் டிக் என்று விரிகிறது. நான் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு சித்திரத் தாளில் துறைமுகத்தைக் கீறுகிறேன். அம்மாவோடு ஒருமுறை சீனன்குடாவுக்குப் பஸ்ஸில் போனபோது மரங்களுக்கு நடுவே எண்ணெய்க் குதங்களின் வட்ட மூடிகளைக் கண்டிருந்தேன். அவற்றை ஒன்றொன்றாக வட்டம் போட்டேன். அப்புறம் களப்பின் வாய், கிண்ணியாவின் பாதை, குறிஞ்சாக்கேணி. நகரத்திலிருந்து படகுக்காரி போன வழியைச் சிவப்புப் புள்ளிகளால் காட்டினேன். குதங்களுக்குக் கிட்ட, கரையோரம், பெரிதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. அந்த இடத்தில்தான் படகுக்காரி தோணியை மரத்தில் கட்டிவிட்டுப் புட்டுப் பொதியை அவிழ்த்துச் சாப்பிட்டாள்.

குதங்கள் இருக்கிற பக்கத்தைப் படம் பிடிக்கக் கூடாது, கீறக் கூடாது என்று எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. பஸ் அந்த வளைவுக்கு வந்தால் பார்வையைக் கூட மடிக்குள் வைத்துக்கொள்ளப் பழகியவர்கள் நாங்கள். ஆனால் அன்று நான் ஊரைக் கீறுகிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் புத்தகத்தைக் கீறிக்கொண்டிருந்தேன். சோற்றுப் பருக்கையை நசுக்கி, அந்தத் தாளைக் கொப்பியின் கடைசி அட்டையில் மடித்து ஒட்டினேன். அம்மா அடித்துக்கொண்டு போய்க் கடைசியில் தானாகக் காணட்டும் என்று சொல்லாமல் விட்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா வீட்டில் இருந்தார். வேலைக்குப் போகிற சேலையோடு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவின் முன் கதிரையில் இருந்தார். வேலை நாளில் அந்த நேரத்து வெளிச்சத்தில் நான் அம்மாவை வீட்டில் கண்டதே இல்லை. யாரோ வந்து இருக்கிறார்கள் என்றுதான் ஒரு கணம் நினைத்தேன்.

"கொப்பியில ஒரு படம் ஒட்டியிருந்தது. நீ கீறினதோ?"

"ஓம்."

"வாசல்ல கண்டிட்டினம். பாஸை வாங்கி வைச்சிருக்கினம், கொப்பியையும். வெள்ளிக்கிழமை விசாரணையாம். உன்னையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

அவ்வளவுதான் சொன்னார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி அழுது முடித்திருப்பேன். பாஸ் போனால் வேலை போகும் என்பது எனக்குத் தெரியும். அதைவிடச் சின்ன விஷயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று ஊரில் மெல்லிய குரலில் கதைப்பதும் தெரியும். அப்பா குசினி வாசலில் கரண்டியோடு நின்றார். "என்ர லாஞ்சும் இல்லை, உன்ர பாஸும் இல்லையெண்டா" என்று தொடங்கி, முடிக்காமல் உள்ளே போனார்.

அந்த நாலு நாளும் அம்மா வீட்டுக்குள் விருந்தாளி மாதிரித் திரிந்தார். குசினிக்குள் போய் உப்பு எங்கே இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டார். சம்பலுக்கு மிளகாயை வறுக்கிறேன் என்று கருக்கினார். பிறகு மேசையில் வந்து இருந்துகொண்டு விரல்களால் மேசை விளிம்பில் எதையோ அடித்துக்கொண்டிருந்தார். தட், தட், தட். அந்தச் சத்தத்தில்தான் நான் பின்னேரங்களில் நித்திரையானேன். கனவில் வட்ட வட்டமாகக் குதங்கள் தண்ணீரில் மிதந்துகொண்டு குறிஞ்சாக்கேணிப் பக்கம் போயின.

வியாழக்கிழமை தோழி வந்தாள். "நானும் வாறன். பாதி நான்தானே எழுதினனான். படம் கீறச் சொன்னதும் நான்தான்" என்றாள். அவளுடைய கண்கள் சிவந்திருந்தன.

"நீ வரக் கூடாது. உனக்கு ஒண்டு நடந்தா உன்ர உம்மா வாப்பாவுக்கு ஆர் போய்ச் சொல்லுறது? பாதையும் ஓடேல்லை" என்றேன்.

அவள் படலையைச் சாத்திவிட்டு ஒழுங்கையால் திரும்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். அப்பாவை வாசலுக்கு உள்ளே விடவில்லை. அவர் வெளியே ஒரு மரத்தடியில் நின்றார். எங்களை ஒரு அறைக்குள் இருத்தினார்கள். மேலே காற்றாடி சுற்றியது. மேசையில் கொப்பி கிடந்தது, பக்கத்தில் அம்மாவின் பாஸ். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவருக்குச் சிங்களத்தில் சொல்வதற்கு அலுவலகத்தில் எழுத்து வேலை செய்கிற தமிழ் லிகிதர் ஒருவர் வந்திருந்தார். எங்களுக்கு அடுத்த ஒழுங்கைக்காரர். அவர் வருகிற சைக்கிள் சத்தத்துக்குத்தான் அப்பா அதிகம் ஜன்னல் சாத்துவார்.

"தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. இது கதைதான் எண்டு அம்மா சொல்லுறா. ஐயாவுக்கு அதை வாசிச்சுக் காட்டுங்கோ" என்றார் லிகிதர்.

நான் வாசித்தேன். ஒவ்வொரு பந்தி முடியவும் அவர் சிங்களத்தில் சொன்னார். என் படகுக்காரி இன்னொரு பாஷையில் தோணி வலிப்பதைக் கேட்க விசித்திரமாக இருந்தது. பயத்துக்கு நடுவிலும் எனக்கு அது பிடித்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே மரங்கள் அசையாமல் நின்றன. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. குசினி வரி வந்தது. "அம்மா குசினியில் புட்டு அவித்து" என்று வாசிக்கும்போது பக்கத்தில் அம்மாவின் கைகளைப் பார்த்தேன். வேலைக்குப் போகிற சேலையில், நேராக நிமிர்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். என் குரல் இறங்கிப்போனது. லிகிதர் திரும்ப வாசிக்கச் சொன்னார். திரும்ப வாசித்தேன், கண்ணீரோடு வாசலில் காத்திருந்தாள் என்பதுவரைக்கும்.

பிறகு கேள்விகள் வந்தன.

"ரெண்டு கையெழுத்து இருக்குதெண்டு ஐயா கேக்கிறார்."

"பேனை மாறினா என்ர எழுத்தும் மாறும்" என்று பொய் சொன்னேன்.

"இந்தச் சிவப்புப் புள்ளி?"

"தோணி போற வழி."

"இந்தப் பெருக்கல் குறி? குதங்களுக்குக் கிட்ட ஏன் போட்டிருக்குது?"

"அதிலதான் அவள் புட்டுப் பொதியை அவிழ்த்துச் சாப்பிட்டவள்."

லிகிதர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அதைச் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த, வேலைக்கு வருகிற நேரம் எழுதுகிற வரவு இடாப்பை இழுத்துப் புரட்டினார். கனநேரம் ஏதோ சொன்னார்.

"ஐயா கேக்கிறார், உங்கட அம்மா ஒவ்வொரு நாளும் விடிய ஏழரைக்கு இஞ்ச நிக்கிறா. ஒரு நாள் பிந்தினதில்லை. அப்ப அந்தப் புட்டை ஆர் அவிச்சது?"

அந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாக வரவில்லை. சும்மா அம்மா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இடாப்பு திறந்து கிடந்தது. இன்னொரு பொய் சொன்னால் முழுக் கதையும் பொய்யாகிவிடும் போல இருந்தது. உண்மையைச் சொன்னால் அடுத்த ஒழுங்கைக்குத் தெரிந்துவிடும், பின்னேரத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். அம்மாவைப் பார்த்தேன். அவர் தலையசைக்கவும் இல்லை, கண் காட்டவும் இல்லை. என்ன சொல்லப்போகிறேன் என்று தானும் அறிய விரும்புகிறவர் போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா" என்றேன். "எங்கட வீட்டில ஒவ்வொரு நாளும் அப்பாதான் சமைக்கிறவர். அம்மாதான் வேலைக்குப் போறவ."

லிகிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிறகேன் கொப்பியில அம்மா எண்டு எழுதியிருக்குது?" இது அதிகாரி கேட்டதல்ல, அவராகக் கேட்டது.

"கதைப் புத்தகத்தில அம்மாதானே அவிக்க வேணும்."

அவர் அதையும் சேர்த்துச் சொன்னார். அதிகாரி பேனையை வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார். அவர் சொன்னதைத் தமிழில் சொல்லும்போது லிகிதருடைய வாய் கொஞ்சம் கோணியிருந்தது.

"வீட்டையே பொய்யா எழுதின பிள்ளை, கடலை மட்டும் உண்மையாக் கீறியிருக்காது எண்டு ஐயா சொல்லுறார்."

வரைபடத்தைக் கிழித்து விசாரணைக் கோவைக்குள் வைத்தார்கள். இனி இப்படி ஒன்றும் கீறக் கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள். கொப்பியைத் தரவில்லை. பாஸை மேசை மேல் அம்மாவின் பக்கம் தள்ளினார்கள். அம்மா அதை எடுத்து, அந்த இடத்திலேயே, தலைப்பின் உள்பக்கம் குத்திக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வந்தது வெட்கம்தான். எங்களைக் காப்பாற்றியது நான் அம்மாவைப் பற்றி எழுதிய பொய் என்பதை நினைக்க, காது மடல் வரைக்கும் சுட்டது.

பஸ்ஸில் அப்பாவிடம் நானே சொன்னேன். "அப்பா, நீங்கள்தான் சமைக்கிறனீங்கள் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஆர் சிங்களத்தில சொன்னது?"

யார் என்று சொன்னேன். அடுத்த தரிப்பில் பஸ் நின்று ஆட்கள் இறங்கி, மறுபடி புறப்பட்ட பிறகு அப்பா கேட்டார்: "புட்டு நல்லாயிருக்கும் எண்டும் சொன்னனியோ?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்குக் கீழே இருந்து தட்டெழுத்துத் தாள்களை எடுத்து என் கையில் தந்தார். மூன்று மூன்று பிரதி. கொப்பி போனாலும் எங்கள் கதை அதில் இருந்தது. கடைசி அத்தியாயம் மட்டும் இல்லை. அதைத் தோழி பிறகு ஞாபகத்திலிருந்து எழுதினாள். நான் தரையில் இருந்து வாசித்தேன். எங்கள் எழுத்துப் பிழைகளைக் கூட அம்மா அப்படியே அடித்திருந்தார். மூன்றாம் தாளில் படகுக்காரி புறப்படுகிற காலை வந்தது. "அம்மா" என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நாலு வரிக்கு வெற்றிடம். பிறகு தோணி தண்ணீரில் இறங்கிவிட்டது.

"இதை ஏன் அம்மா அடிக்கேல்லை?"

அம்மா சேலையை மடித்துக்கொண்டிருந்தார். "அடிக்கத்தான் பார்த்தனான். ஒஃபிசில கதிரையில இருந்துகொண்டு, நான் வீட்டில வாசல்ல நிண்டு அழுறன் எண்டு எப்பிடிப் பிள்ளை அடிக்கிறது? விரல் வரேல்லை." மடித்த சேலையை மறுபடி உதறி மடித்தார். "உன்ர கதை. மாத்த எனக்கு உரிமை இல்லை. அதுதான் இடம் விட்டனான்."

நான் தாள்களுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். என்ன சொல்வது என்று தெரியாமல் அழுதேன். அம்மா அதைத் தடுக்கவில்லை, பக்கத்தில் வந்து இருந்தார்.

அடுத்த கிழமை அம்மா வேலைக்குப் போன முதல் நாள் காலையில், நான் மூன்றாம் தாளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அப்பா நீற்றுப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். ஒழுங்கையில் சைக்கிள் ஒன்று மணி அடித்துக்கொண்டு வந்தது. அப்பாவின் கை ஜன்னலுக்குப் போனது, கதவில் கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு துணியை எடுத்து ஜன்னல் விளிம்பைத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தது. நான் பேனையால் எழுதினேன்:

"அம்மா ஏழு மணி பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டார். அப்பா புட்டு அவித்துப் பொதி கட்டித் தந்தார். படகுக்காரி தோணியைத் தள்ளினாள்."

பின்னேரம் தோழி அதை வாசித்துவிட்டு, "நான் அப்பவே சொன்னனான்" என்றாள். அவளுக்கு அதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்கவில்லை.

அம்மா வேலையால் வந்து, செருப்போடு நின்றபடியே தாளை வாங்கினார். ஒருமுறை வாசித்தார். இன்னொருமுறை வாசித்தார். பிறகு என்னிடம் பேனையைக் கேட்டார். ஏழு மணி என்பதை ஒரே கோட்டால் வெட்டி, மேலே தன் சிறிய நேர்த்தியான எழுத்தில் ஆறே முக்கால் என்று எழுதினார்.

"ஆறே முக்காலுக்குப் போறனான்" என்றார். "என்னை எழுதினா, சரியா எழுது."